கடி இல்லை என்று எழுதிய கை

அந்தத் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கை' என்றுதான் சொல்வார்கள். "கை வந்தாச்சா?" "கை சாப்பிடப் போயிருக்கு." "கைக்கு இன்னைக்கு மனசு சரியில்ல, பார்த்துப் பேசு." புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் திருதிருவென்று விழிப்பார்கள். இரண்டாம் வாரம் அவர்களும் அப்படியே பேச ஆரம்பித்துவிடுவார்கள். நேரில் மட்டும் 'கை சார்.' அந்த 'சார்' தளர்ந்த ஆணி மாதிரி ஒட்டாமல் ஆடும்.

சட்டைப்பைக்குள் அடங்கும் மடக்குக் கத்திகள் செய்யும் தொழிற்சாலை அது. தகடு வெட்ட ஒரு கூடம், தீட்ட ஒரு கூடம், கோக்க ஒரு கூடம். எல்லாம் முடிந்து கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கட்டுக் கயிறு, பழைய அட்டைப் பெட்டிகள், கூடை நிறைய உருளைக்கிழங்கு, சோப்புத் தண்ணீர் ஊற்றிய தட்டு. இவற்றோடு கை சார். புது மாதிரிக் கத்தி ஒன்று தயாரானால் அதைப் பிடித்துப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. கூர் நிற்குமா, துரு ஏறுமா என்பதை எந்திரம் பார்த்துக்கொள்ளும். பிடித்தால் எப்படியிருக்கிறது என்று எந்திரத்தைக் கேட்க முடியாது.

கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரலால் ஐம்பது தடவை திறப்பார், ஐம்பது தடவை மடக்குவார். கயிறு நாற்பது துண்டு. அட்டை இருபது கீற்று. பத்து உருளைக்கிழங்குக்குத் தோல். கடைசியில் கையைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டு, வழுக்குகிறதா என்று இன்னொரு சுற்று. பிறகு கண்ணைத் திறந்து தாளில் ஐந்து வரி எழுதுவார்: பிடி, திறப்பு, பூட்டு, எடை, கடி. முதல் நான்குக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். கடிக்கு மட்டும் எண்ணிக்கை. புதுச் செருப்பு குதிகாலைக் கடிக்கிற மாதிரி கத்தியின் கைப்பிடியும் கையை எங்கேயாவது கடிக்கும். சட்டைப்பையில் மாட்டுகிற கிளிப்பின் முனை உள்ளங்கையைக் கடிக்கும். கைப்பிடியில் அறைந்த ரிவெட் ஆணியின் தலை சுண்டுவிரல் மேட்டைக் கடிக்கும். எத்தனை இடம், எந்தெந்த இடம் என்று எழுத வேண்டும். முதலாளியிடம் தாள் போனால் அவர் கீழேயிருந்து மேலாகத்தான் படிப்பார் என்று ஆபீசில் பேச்சு.

பத்தொன்பது வருஷத்தில் அந்த வரியில் ஒரு தடவைகூட 'இல்லை' என்று எழுதியவர் இல்லை அவர். எப்பேர்ப்பட்ட கத்தியானாலும் ஒரு கடியாவது கண்டுபிடித்துவிடுவார். "கல்யாணப் பொண்ணு பார்க்க இவரைக் கூட்டிட்டுப் போயிடாதீங்கப்பா" என்று தீட்டுக் கூடத்தில் சிரிப்பார்கள். அவர் காதில் விழும். விழாத மாதிரி நடந்து போவார். உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

வேலைக்கு எடுத்த அன்றே ஒரு விதி சொன்னார்கள். கத்தி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பேனா பிடிக்கிறவர்கள். இவர் கையும் அப்படியே மிருதுவாக இருக்க வேண்டும், காய்ப்பு ஏறவே கூடாது. அதனால் பத்தொன்பது வருஷமாக அவர் வாளி தூக்கியதில்லை, துணி பிழிந்ததில்லை, சுத்தியல் பிடித்ததில்லை. பேருந்தில் மேல்கம்பியைக்கூட இடது கையால்தான் பிடிப்பார். ஆனால் வீடு என்று ஒன்று இருந்தால் அதில் தூக்கவும் பிழியவும் அடிக்கவும் ஒரு கை வேண்டியிருக்கிறதே. அது மனைவியின் கையாக இருந்தது. தண்ணீர்க் கேனை மூன்றாவது மாடிக்குச் சுமப்பது அவள். சுவரில் ஆணி அடிப்பது அவள். அலமாரியை நகர்த்த வேண்டுமென்றால் அவர் ஒரு ஓரமாக நின்று, "மெதுவா, மெதுவா, சுவத்துல இடிக்கப் போகுது" என்று சொல்வார்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேலையும் வராதா?" என்று எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அந்தக் கைதாங்க எங்களுக்குச் சோறு போடுது" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள் மனைவி.

இரவில் அவள் போர்வையை இழுத்துவிட்டால் உள்ளங்கைக் காய்ப்பில் நூல் மாட்டிக்கொண்டு பிரியும். அவர் கை பட்டால் போர்வைக்குத் தெரியவே தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுண்டுவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது. உதறினார். சில மாதங்களில் எறும்புகள் போய்விட்டன, போகும்போது விரலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டன. அடுத்தது மோதிர விரல், பிறகு உள்ளங்கை, கடைசியில் கட்டைவிரல். விரல்கள் மடங்கின, நீண்டன, சொன்ன வேலையைச் செய்தன. ஆனால் திரும்பி வந்து எதையும் சொல்லவில்லை.

முதலில் பார்த்தது மனைவி. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய டம்ளரை அவர் வலது கையால் எடுத்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"கீழ வைங்க! சுடல?"

"பழகிடுச்சு."

"எப்பப் பழகுச்சு? இந்தக் கைக்கா?" பிடுங்கிப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. "வாங்க, டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்."

"தொழிற்சாலை டாக்டர்னா சாயந்திரத்துக்குள்ள ஆபீசுக்குக் காகிதம் போயிடும்."

"வேற டாக்டர்கிட்ட போவோம்."

"போயி? என்ன வேலை பார்க்கறீங்கன்னு கேப்பார். கைய வாடகைக்கு விட்டிருக்கேன்னு சொல்லவா?"

அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு டம்ளரைக் கொஞ்சம் ஆறவைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். அந்த வீட்டில் பல விஷயங்கள் அப்படி ஆறவைத்தே பரிமாறப்பட்டன.

ஐம்பத்தொரு வயதில் வேறு எந்தத் தொழிலும் தெரியாது. கை போனால் வேலை போகும். வேலை போனால் இத்தனை வருஷம் அவள் சுமந்ததெல்லாம் வீணாகும். அந்தக் கணக்கில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அறையில் இப்போது கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு சோதித்தார். எல்லாம் முடிந்ததும் கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எங்கே சிவந்திருக்கிறது என்று தேடினார். ஆனால் சிவப்பு எல்லாக் கடிக்கும் வராது. சிலது தோலில் தெரியாமல் உள்ளே மட்டும் நோகும். அப்போதுதான் கோக்கும் கூடத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

அங்கே ஜன்னலோர மேஜையில் இருந்தவளைத் 'திருகாணி' என்பார்கள். அலகையும் கைப்பிடியையும் சேர்க்கும் திருகை முறுக்குவது அவள் வேலை. வாய்க்கும் அந்தப் பெயர் பொருந்தும். அளவாக முறுக்க வேண்டும்: தளர்ந்தால் அலகு ஆடும், இறுகினால் திறக்காது. நாளைக்கு நானூறு கத்தி, ஒவ்வொன்றையும் நான்கு முறை திறந்து மூடிப் பார்த்துத்தான் தட்டில் போடுவாள். தொழிற்சாலையில் அவரை 'அண்ணே' என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"என்னண்ணே, உங்க அறையில நாற்காலி கடிக்குதா? இங்கேயே சுத்திட்டிருக்கீங்க."

"சும்மாதான் வந்தேன். இதக் கொஞ்சம் பிடிச்சுப் பாரு."

"நான் சொல்லி நீங்க எழுதப் போறீங்களாக்கும்."

"சொல்லேன், கேப்போம்."

அவள் பிடித்தாள், அழுத்தினாள், திருப்பினாள். "கிளிப்பு முனை இங்க குத்துது, பாருங்க, நடு உள்ளங்கையில. அப்புறம் இந்த ரெண்டாவது ரிவெட்டு. வெட்டும்போது சும்மா இருக்கு. வெட்டி முடிச்சப்புறம்தான் வேலையக் காட்டுது."

அவர் தலையாட்டிவிட்டு அறைக்கு வந்து எழுதுவார்: 'கடி: இரண்டு. கிளிப் முனை, உள்ளங்கை நடு. இரண்டாம் ரிவெட், சுண்டுவிரல் மேடு.' கீழே தன் கையெழுத்து.

ஒன்றரை வருஷம் இப்படி நடந்தது. "எங்க வீட்டுல நான் பேசினா மின்விசிறி சத்தம்னு நெனச்சுக்கறாங்க, இவரு என்னடான்னா தேடி வந்து கேக்கறாரு" என்று திருகாணி பக்கத்து மேஜையில் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கும் அது ஏதோ நல்ல காரியம் செய்கிற மாதிரி இருக்கும். அந்த நினைப்பை அவர் ரொம்ப நேரம் வைத்துக்கொள்ள மாட்டார்.

பிறகு அந்தப் புது மாதிரி வந்தது. கறுப்பு, மெல்லிசு, பையில் இருப்பதே தெரியாத எடை. மேலாளர் தானே அறைக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"நாளை மறுநாள் தாள் வேணும் கை சார். பெட்டி அச்சுக்குப் போகுது."

"ஒரு வாரமாவது வேணும்."

"ஒரு வாரம் இருந்தா நானே பிடிச்சுப் பார்த்துடுவேனே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார் மேலாளர்.

அவர் நேராகக் கோக்கும் கூடத்துக்குப் போனார். திருகாணியின் நாற்காலியில் அவள் மேலங்கி மட்டும் தொங்கியது. அவளுடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், வர பத்து நாளாகும் என்றார்கள். வேறு யாரிடமாவது கேட்கலாம். ஆனால் வேறு யாரும் ஏன் என்று கேட்காமல் பதில் சொல்ல மாட்டார்கள்.

தனியாகவே சோதித்தார். கயிறு, அட்டை, கிழங்கு, சோப்புத் தண்ணீர். அந்தக் கத்தியில் ஒரு விசேஷம் இருந்தது. அலகு விரிந்ததும் கைப்பிடிக்குள்ளிருக்கும் மெல்லிய தகடு ஒன்று நகர்ந்து அதற்கு முட்டுக்கொடுக்கும். மடக்க வேண்டுமானால் கட்டைவிரலால் அந்தத் தகட்டைத் தள்ள வேண்டும். ஐம்பது தடவை தள்ளினார். ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலில் ஒரு மெல்லிய கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. அது கடியா, சும்மா விழுந்த மடிப்பா? ஒரு காலத்தில் கேட்காமலே சொல்லிய விரல் அது. இப்போது ஊமையாக நீட்டிக்கொண்டிருந்தது.

இல்லாத கடியை எழுதினால் தகட்டின் வடிவத்தை மாற்றுவார்கள், அது பொய். தெரியாத கடியை இல்லை என்று எழுதினால் அது என்ன? அதற்குப் பெயர் தேடிக்கொண்டு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பெயர் கிடைக்கவில்லை. 'கடி: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேலாளர் தாளைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "உங்க கையெழுத்துதானா சார் இது? பத்தொன்பது வருஷத்துல முதல் தடவை! முதலாளி ரெண்டு தடவை படிச்சாரு!"

மறுநாள் புகைப்படக்காரர் வந்தார். கறுப்புத் துணிமேல் கையை வைக்கச் சொல்லிப் பத்துப் பதினைந்து படம் எடுத்தார். "ஆம்பளைக்கு இப்படியொரு கைய நான் பார்த்ததில்ல சார்" என்றார். பெட்டியின் மேல் அந்தக் கை கத்தியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கீழே: 'கை சொல்கிறது: கடி இல்லை.' முதல் பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். மனைவி அதை முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினாள்.

திருகாணி திரும்பி வந்த மூன்றாம் நாள் அவர் அறைக் கதவைத் தட்டினாள். அதுவரை அவள் அந்த அறைக்குள் வந்ததில்லை. கட்டைவிரலை நீட்டினாள். நுனியில் நீர்க்கொப்புளம், அதற்குக் கீழே ஏற்கெனவே ஒன்று உடைந்து தோல் உரிந்திருந்தது.

"அண்ணே, அந்தத் தகட்டு ஓரம் அறுக்குது. நீங்க எப்படிண்ணே இல்லன்னு எழுதினீங்க?"

"நீ நானூறு கத்தி பார்க்கற. வாங்கறவன் ஒண்ணுதானே பார்ப்பான்."

"என் கைய பாருங்க. பன்னெண்டு வருஷமா இரும்போட இருக்கற கை. இதுக்கே கடிக்குதுன்னா, பேனா பிடிக்கறவன் விரல் என்னாகும்?"

அவர் மேஜைமேல் கிடந்த கயிற்றுத் துண்டுகளைக் கூட்டி ஒதுக்கினார். "நான் மேலாளர்கிட்ட சொல்லப் போறேன். உங்ககிட்ட சொல்லாம போகக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்றாள்.

மேலாளர் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார். மேஜையில் அச்சடித்த பெட்டிகள் சுவர்போல அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் அவர் கை.

"இந்தம்மா கடிக்குதுங்கறாங்க. நீங்க இல்லங்கறீங்க. கை சார், நீங்களே சொல்லுங்க."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். என் கை செத்து இரண்டு வருஷமாகிறது என்று ஐந்து வார்த்தை. வாய் வரை வந்தது. பெட்டிகளைப் பார்த்தார். தண்ணீர்க் கேனோடு படியேறும் மனைவியின் முதுகு ஞாபகம் வந்தது. பிறகு தன் வாயே பேசுவதைக் கேட்டார்:

"திருகு முறுக்கு கூடிப்போச்சுன்னு நெனைக்கறேன். ஒரு சுத்து அதிகமா முறுக்கினா தகடு ஒட்டிக்கும். ஓங்கித் தள்ள வேண்டிவரும். அதான் கொப்புளம். கத்தியில தப்பில்ல."

திருகாணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் முறுக்கு கூடிப்போனதாக யாரும் சொன்னதில்லை.

"அம்மாவுக்கு வேற உடம்பு சரியில்ல. கவனம் சிதறியிருக்கும், பாவம்" என்று மேலாளர் முடித்துவைத்தார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குப் பெட்டி கட்டும் பிரிவு. கூலியும் ஒரு படி கீழே.

அன்று மதியம் உணவுக்கூடத்தில் அவள் அவருக்கு எதிரே வந்து நின்றாள். துணி சுற்றிப் பிடித்த டம்ளர் ஒன்றை நீட்டினாள். "டீ எடுத்துக்கோங்கண்ணே."

சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தார். மனம் இளகிப்போய் வலது கையால் வாங்கினார். டீயிலிருந்து ஆவி குபுகுபுவென்று எழுந்தது. பிடித்துக்கொண்டே, "அம்மா இப்ப எப்படியிருக்காங்க?" என்று கேட்டார்.

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு, ஐந்து, ஆறு என்று அவள் மனதுக்குள் எண்ணுவது உதட்டில் தெரிந்தது. பத்து வரை எண்ணினாள்.

"அப்ப ஒன்றரை வருஷமா என் கையத்தான் எழுதிட்டிருந்தீங்க" என்றாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சுற்றிலும் தட்டுகள் மோதிக்கொள்ளும் சத்தம்.

"யார்கிட்டயும்..." என்று ஆரம்பித்தார்.

"சொன்னா யாரு நம்புவா? கைன்னா நீங்கதானே." துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "கேட்டிருந்தா கொடுத்திருப்பேன் அண்ணே. இதச் சொல்லித்தான் கேட்டிருக்கலாமே."

அதற்குப் பிறகு அவள் அவரை 'கை சார்' என்றுதான் கூப்பிட்டாள்.

கத்தி வாங்கியவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. கட்டைவிரல் அறுபடுகிறது என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் கட்டுப் போட்ட விரலைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஆபீசில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். 'கத்தியைப் பிடிக்கும் சரியான முறை' என்று நான்கு படங்களோடு ஒரு துண்டுத்தாள் அச்சடித்தார்கள். தகட்டை மாற்றச் செலவாகும். கையை மாற்றிக்கொள்ளச் சொல்ல ஒரு தாள் போதும். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தத் தாளை மடித்து வைப்பது திருகாணியின் வேலையானது. கழிப்பறைக்குப் போகிற வழியில் அவர் பார்ப்பார். அவருடைய கை அச்சடித்த பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடி, அந்தக் கையின் மேல் பசைநாடா ஒட்டிக்கொண்டிருப்பாள்.

எப்படியோ கத்தி விற்றது. ஆறு மாதத்தில் அடுத்த மாதிரி வந்துவிட்டது.

"இதுக்கும் அதே மாதிரி வந்தா நல்லாயிருக்கும்" என்றார் மேலாளர், அவசரமில்லை என்கிற குரலில்.

கோக்கும் கூடத்தில் ஜன்னலோரம் இப்போது வேறு ஒருத்தி. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. "வீட்டுல வெச்சுப் பார்த்துட்டு வரேன்" என்று அனுமதி வாங்கிக் கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி சமையலறை அலமாரிகளுக்கு விரிக்கப் பழைய அட்டைப் பெட்டிகளை வெட்ட உட்கார்ந்தாள். அவர் புதுக் கத்தியை நீட்டினார்.

"இதால வெட்டு."

"ஐயோ, உங்க ஆபீஸ் கத்தி. கெட்டுப் போச்சுன்னா?"

"கெடாது. வெட்டு."

வெட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இருபது கீற்று ஆனதும் கேட்டார்.

"எங்கயாவது கடிக்குதா?"

அவள் நிமிர்ந்தாள். "யாருக்கு?"

"உனக்குத்தான். கை எங்கயாவது நோகுதா?"

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதில்லை. அவள் முகத்தில் மெல்ல ஒரு வெட்கம் பரவியது. "எனக்கென்ன நோகப் போகுது? நல்லாயிருக்கு."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

"நல்லாத்தான் இருக்குங்க. நீங்க பார்த்த கத்தியாச்சே, எப்படிக் கடிக்கும்?"

மறுபடியும் வெட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில், பேச்சைக்கூட நிறுத்தாமல், பக்கத்தில் கிடந்த கிழிந்த துணியிலிருந்து ஒரு நாடாவைக் கிழித்து ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லால் இழுத்து முடிந்துகொண்டாள். கேன் தூக்கும் முன்னால் கையில் எச்சில் தொட்டுக்கொள்வதைப் போல, அவளுக்கே தெரியாத ஒரு வேலையாக அது நடந்தது.

"விரல்ல என்ன?" என்றார்.

"எந்த விரல்?" என்று தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "இதுவா? ஒண்ணுமில்ல. சும்மா."

அவளிடம் எதையும் வாங்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. திருகாணிக்கு வலித்தால் வாய் திறந்தது. இவளுக்கு வாயை அடைத்தே பழக்கம். அடைத்தது யார் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்துபோய் அந்தத் துணியை அவிழ்த்துப் பார்த்தால் கடி எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு நிமிஷ வேலை.

அவர் எழுந்தார். மேஜைக்குப் போய்த் தாளை விரித்தார். பேனா விரலில் நிற்பது தெரியாததால் இப்போதெல்லாம் இறுக்கிப் பிடித்து அழுத்தித்தான் எழுதுவார். பிடி, ஒன்பது. திறப்பு, எட்டு. பூட்டு, ஒன்பது. எடை, ஒன்பது. கடி: இல்லை.

அட்டைகளை அடுக்கிவிட்டு மேஜையைத் துடைக்க வந்தாள் மனைவி. தாளை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அது கிடந்த இடத்தில் ஈரத்துணியை ஓட்டியவள் நின்று, காய்ப்பு ஏறிய விரலால் பலகையைத் தடவினாள்.

"இங்க ஏதோ குழியா இருக்கே. எழுத்து மாதிரி. பார்த்தா தெரியல, தொட்டா தெரியுது" என்றாள். "இங்க பாருங்களேன்."

அவர் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

"தெரியுதா?"

"ம்" என்றார்.